பின்மார்க் கரையில் நாம்: சொல்லாமல் விட்ட ஒரு வரலாறு



இம்மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுத் தம்பிமார் பல வருடமாகக் கேட்டு வருகிறார்கள். நான் எழுத்தாளன் அல்லன் என்று தட்டிக் கழித்து வந்தேன். இம்முறை எழுத வைத்தது என் பேத்தி. "எமது குடும்பம் நோர்வேக்கு எப்படி வந்தது?" என்று பாடசாலையில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் தாயைக் கேட்டாள். என் மகள் சொன்ன பதில் பக்கத்து அறையில் இருந்த என் காதிலும் விழுந்தது.

"தாத்தா வடக்கிலை ஒரு கொம்பனியிலை வேலை செய்தவர். பிறகு அம்மம்மாவைக் கூப்பிட்டவர்."

அந்தக் 'கொம்பனி' என்ற சொல் என்னுடையது. 1988ஆம் ஆண்டு என் தகப்பனாருக்கு எழுதிய கடிதத்தில் முதன்முதலாக எழுதினேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அது எங்கள் வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறது. உண்மை என்னவென்றால், அந்தக் கொம்பனி ஒரு மீன் தொழிற்சாலை. நான் அங்கே மீன் வெட்டினேன்.

இதை மறைத்தவன் நான் மட்டுமல்லன். எம்மவரில் எத்தனையோ குடும்பங்களின் முதற் சம்பளம் வந்த இடம் அந்த வடகரை. ஆனால் எமது விழா மேடைகளிலோ மலர்களிலோ அதைப் பற்றிய பேச்சே இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

பட்டணத்தை விட்டு

நான் பட்டணத்து ஆள். ஊர் யாழ்ப்பாணம் என்றாலும் 1983 ஆடி வரை கொழும்பில் கந்தோர் வேலை, வெள்ளவத்தையில் அறை. கலியாணம் முடித்து ஆறு மாதத்தில் ஊரை விட்டு வெளிக்கிட்டு, 1986இல் ஒஸ்லோ வந்து சேர்ந்தேன். குறோண்லாந்துப் பகுதியில் இரண்டு அறை வீட்டில் ஏழு பேர். ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். அதுவும் கிழமையில் மூன்று நாள்தான்.

மனிதாபிமான அடிப்படையில் வதிவிட அனுமதி கிடைத்தவர்கள் குடும்பத்தைக் கூப்பிடுவதென்றால் போதிய வருமானம் காட்ட வேண்டும். கோப்பை கழுவிய காசு அதற்குக் காணாது. அந்த நேரத்தில்தான் பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளில் ஆள் தேவை என்ற கதை எங்கள் மத்தியில் பரவியது. அவ்வூர் இளம் பெண்கள் படிக்கவும் வேறு வேலைக்கும் தெற்கே போய்விட, மேசைகள் வெறுமையாக இருந்தன.

"அண்ணை, உங்கை ஏன் போறியள்? மரங்கூட முளைக்காத இடமாம்" என்றார்கள் அறை நண்பர்கள். மரம் முளைக்காது என்பது முழு உண்மை என்று பிறகு கண்டேன்.

1988 தை மாதம் தனியே வெளிக்கிட்டேன். ஒஸ்லோவிலிருந்து துரொண்ட்ஹைம், அங்கிருந்து ரயில் பாதை முடியும் பூடோ, பிறகு கரையோரமாகப் போகும் ஹூர்த்திக்றூத்தன் கப்பல். போய் இறங்கிய இடம் ஹொன்னிங்ஸ்வோக், மாகரோயா என்ற தீவில் உள்ள மீன்பிடித் துறைமுகம். நூர்காப் எனப்படும் வடமுனைக்குப் போகிறவர்கள் அதனூடாகத்தான் போவார்கள். தரை வழியில் பார்த்தால் ஒஸ்லோவிலிருந்து ஏறக்குறைய 2000 கிலோமீற்றர். பின்மார்க் மாகாணம் எங்கள் வட மாகாணத்தைப் போல ஐந்து மடங்குக்கும் அதிக பரப்புள்ளது. ஆனால் அங்குள்ள மக்கள் சுமார் 75,000 பேர்தான். அதற்குள் ஒரே ஒரு தமிழனாக என்னை இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. வேறு ஊர்களில் எம்மவர் இருந்தார்கள். என் ஊரில் முதல் பத்துக் கிழமையும் ஒருவரும் இல்லை.

சூரியன் இல்லாத பொங்கல்

நான் போய் இரண்டாம் நாள் தைப்பொங்கல். அந்த ஊரில் கார்த்திகை 20ஆந் திகதியளவில் மறையும் சூரியன் தை 20ஆந் திகதிக்குப் பிறகுதான் மீண்டும் எழும். நண்பகலில் ஒரு நீல வெளிச்சம் வரும், இரண்டு மணிக்குள் அதுவும் போய்விடும். சூரியனுக்கு நன்றி சொல்லும் நாளில் சூரியனே இல்லை. இருந்தாலும் ஒரு சட்டியில் அரிசியும் பாலும் போட்டுப் பொங்கினேன். பால் பொங்கி அடுப்பில் ஊற்ற, மணம் கேட்டுக் கீழ்வீட்டு அம்மா மேலே ஏறி வந்துவிட்டா. வீடு பற்றிக்கொண்டதோ என்ற பயம்.

எனக்கு நோர்வேஜிய மொழி அரைகுறை. அவவுக்கு ஆங்கிலம் தெரியாது. கையாலும் காலாலும் விளக்கினேன். விளங்கியதும் சிரித்துவிட்டு, கலண்டரில் ஒரு திகதியைத் தொட்டுக் காட்டினா. சூரியன் வரும் நாள். வட நோர்வேயில் அதுவும் ஒரு கொண்டாட்டந்தான். துரொம்சோ நகரில் அன்று பாணிக்கடை வாசலில் வரிசை நிற்கும், எல்லோரும் இனிப்புப் பணிஸ் வாங்கித் தின்பார்கள். எங்கள் பொங்கல் ஒரு கிழமை பிந்தி வந்தது என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறிய இரண்டு தட்டு மரவீடு. அடுத்த வீடும் அதே மாதிரி, அதற்கடுத்ததும் அதே மாதிரி. நான் ஏதோ தொழிற்சாலைக் குவாட்டர்ஸ் என்றுதான் நினைத்தேன். ஊரிலே பழைய கட்டடம் என்று சொல்ல வெள்ளை நிறத் தேவாலயம் ஒன்றுதான் இருந்தது. 1885இல் கட்டப்பட்டது. ஏன் அது மட்டும் பழசு என்று யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

மேசையில் கற்றது

வேலைக்கு வருவோம். முதலில் பெட்டி அடுக்க விட்டார்கள். பிறகு வெளிச்ச மேசை. கண்ணாடி மேசைக்கு அடியில் மின்விளக்கு எரியும். தோல் உரித்த மீன் துண்டை அதன்மேல் வைத்தால் உள்ளே உள்ள முள்ளும் புழுவும் தெரியும். அவற்றைக் கத்தியால் எடுத்துத் துப்புரவாக்கி அடுத்த பெட்டியில் போட வேண்டும். மீன் பெரும்பாலும் தொர்ஸ்க், அதாவது கொட் மீன். நாள் முழுக்க ஈரத்தில் நிற்க வேண்டும். கை விறைக்கும். தோள்மூட்டு நோ அன்று தொடங்கியது, இன்றும் விடவில்லை.

என் குடும்பத்தில் ஒருவரும் கடற்றொழில் செய்ததில்லை. மீனைச் சந்தையில் விலை பேசத் தெரியும், வெட்டத் தெரியாது. உள்ளதைச் சொன்னால், தெரியாதிருப்பதே ஒரு பெருமை என்று எண்ணி வளர்க்கப்பட்டவன் நான். ஊரை விட்டு வெளிக்கிட்டபோது வேறொன்றையும் கொண்டுபோக முடியவில்லை, சாதியை மட்டும் பத்திரமாகக் கொண்டு போயிருக்கிறேன். அதனால்தான் கடிதத்தில் 'கொம்பனி'.

பங்குனி முடிவில் குருநகர்ப் பெடியன் ஒருவன் வேலைக்கு வந்தான். நான் கத்தியோடு படும் பாட்டை இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணை, கத்தியை அமத்தாதையுங்கோ. முள்ளு வழி காட்டும். அதின்ரை பின்னாலை போங்கோ."

அன்றிலிருந்து என் கை ஓடியது. மேலறையில் இருவரும் ஒன்றாக இருந்தோம். ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டோம். ஒஸ்லோவிலிருந்து தபாலில் வந்த மிளகாய்த்தூளைப் பங்கு போட்டோம். யாழ்ப்பாணத்தில் அவனை என் வீட்டு விறாந்தையில் இருத்தியிருப்பேனா என்று என்னையே கேட்டிருக்கிறேன். பதில் எனக்குத் தெரியும். வெட்கமான பதில்.

அவன்தான் எனக்கு இன்னொன்றையும் சொன்னான். நோர்வேக்கு வந்த முதல் ஈழத்தமிழர் என்று நாம் சொல்லும் அன்ரனி இராஜேந்திரம் குருநகரைச் சேர்ந்தவர். 1956இல் வந்தார். நாம் யாரும் அகதியாக வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், இந்நாட்டு மீன்பிடித் தொழிலைப் படிப்பதற்காகவே வந்தவர். நோர்வேஜிய நண்பர்களின் உதவியோடு 1967இல் அவர் தொடக்கியதுதான் 'சீநோர்'. காரைநகரில் படகு கட்டும் தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை. நானும் சிறுவயதில் தாய்மாமன் வீட்டுக்குக் காரைநகர் போகும்போது அந்தப் படகுகளைப் பார்த்திருக்கிறேன். 'சீ' சிலோன், 'நோர்' நோர்வே என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

1975 மாசி முதலாந் திகதி நோர்வே, வேலைக்கு வரும் வெளிநாட்டவருக்குக் கதவை மூடியது. அதன்பின் எங்கள் இளைஞர் பலர் மக்கள் உயர்பாடசாலைகளில் படிக்கும் மாணவராக வந்தார்கள். 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தார்கள். இத்தனைக்கும் முதல் வழி திறந்தது மீன். நான் எதை மறைத்தேனோ, அதைத் தலை நிமிர்ந்து படிக்க வந்த ஒருவரின் பின்னால்தான் நாம் அனைவரும் வந்திருக்கிறோம்.

எரிக்கப்பட்ட ஊர்

இப்போது அந்த ஒரே மாதிரியான வீடுகளின் கதை. வீட்டுக்கார அம்மா இதை ஒரே நாளில் சொல்லவில்லை. என் மொழியும் வளர, வருடக்கணக்காகச் சிறிது சிறிதாகச் சொன்னா. மிகுதியைப் பின்னர் ஹமர்பெஸ்ற் நகரில் 1998இல் திறந்த புனரமைப்பு நூதனசாலையில் பார்த்து அறிந்தேன்.

இரண்டாம் உலகப் போரில் நோர்வே ஜேர்மனியரின் பிடியில் இருந்தது. 1944 ஐப்பசியில் சோவியத் படைகள் கிழக்கெல்லையால் உள்ளே வந்து, 25ஆந் திகதி ஷிர்க்கனெஸ் நகரை விடுவித்தன. அந்நகர் போர்க்காலத்தில் 300க்கும் மேற்பட்ட தடவை குண்டுவீச்சுக்கு ஆளானது. கடைசி நாட்களில் சுமார் 3000 பேர் பக்கத்தில் இருந்த இரும்புச் சுரங்கத்துக்குள் ஒளிந்திருந்தார்கள். குழந்தைகளும் அதற்குள்ளேயே பிறந்தன.

28ஆந் திகதி ஹிட்லரின் கட்டளை வந்தது. பின்வாங்கும்போது பின்மார்க் முழுவதையும், துரொம்ஸ் மாகாணத்தின் வடபகுதியையும் எரிக்க வேண்டும், மக்களைக் கட்டாயமாக வெளியேற்ற வேண்டும், பின்னால் வரும் செம்படைக்கு ஒதுங்க ஒரு கூரைகூட இருக்கக்கூடாது. குளிர்காலம் தொடங்கும் நேரம். ஏறக்குறைய 50,000 பேர் மீன்பிடி வள்ளங்களிலும் கப்பல்களிலும் தெற்கே கொண்டுபோகப்பட்டார்கள். இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் போகாமல் நின்றுவிட்டார்கள். அவர்களில் பலர் குகைகளிலும் புல்மண் குடிசைகளிலும் ஒளிந்து அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். சுமார் 11,000 வீடுகளும், 106 பாடசாலைகளும், 27 தேவாலயங்களும் எரிந்தன. ஹொன்னிங்ஸ்வோக்கில் எஞ்சியது அந்த வெள்ளைத் தேவாலயம் மட்டுமே.

அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு மூட்டையோடு வள்ளத்தில் ஏறியவ. திரும்பிப் பார்க்க, கரை முழுவதும் புகை. தெற்கே யாரோ தெரியாதவர்களின் வீட்டில் இருந்தார்கள். "அந்த வீட்டுப் பிள்ளையள் எங்கடை பேச்சைக் கேட்டுச் சிரிப்பினம். அதே நாடுதான், அதே மொழிதான். எண்டாலும் நாங்கள் அகதியள்" என்றா.

போர் முடிந்ததும் அரசாங்கம், உடனே போகாதீர்கள், அங்கே இருக்க இடமில்லை, கண்ணிவெடி இருக்கிறது என்றது. சிறு சிறு ஊர்களாக அல்லாமல் மக்களைச் சில பெரிய இடங்களில் குடியேற்றவும் திட்டம் இருந்தது. சனம் கேட்கவில்லை. 1945 கோடையிலேயே அனுமதி இல்லாமல் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். கவிழ்த்த வள்ளத்தின் கீழும் பலகைக் கொட்டிலிலும் இருந்தார்கள். ஹொன்னிங்ஸ்வோக்கில் திரும்பியவர்கள் முதலில் தேவாலயத்துக்குள்ளேயே படுத்து எழும்பினார்கள். 1946இல் தொடங்கிய அரச வீடமைப்பு வங்கியின் கடனோடு, ஒரே மாதிரி வரைபடத்தில் வீடுகள் எழுந்தன. நான் வாடகைக்கு இருந்த வீடும் அவற்றில் ஒன்று. நாங்கள் வேலை செய்த மாதிரியான உறைமீன் தொழிற்சாலைகளும் பெரும்பாலும் அந்தப் புனரமைப்புக் காலத்தில் வளர்ந்தவையே. அதாவது அந்த ஊர் எரிந்ததால் எழுந்த மேசையில் நின்றுதான் நான் மீன் வெட்டினேன்.

இதையெல்லாம் அறியாமல், நான் ஒருவன்தான் எல்லாம் இழந்து வந்து நிற்கிறேன் என்று அவர்களைப் பார்த்துப் பொருமியிருக்கிறேன்.

மீன் வராத சித்திரை

1989 சித்திரைப் புத்தாண்டுக்கு நாங்கள் ஐந்து பேர். பலகாரம் சுட்டு வீட்டுக்கார அம்மாவுக்கும் கொடுத்தோம். நாலு நாள் கழித்து, ஏப்ரல் 18ஆந் திகதி, கரையோரத் தொர்ஸ்க் மீன்பிடியை அரசாங்கம் நிறுத்தியது. பாரன்ட்ஸ் கடலில் மீன் குறைந்துவிட்டது, அவ்வருடம் கரையோரப் படகுகளுக்கு ஒதுக்கிய அளவும் பிடித்து முடிந்துவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து படகு படகாக அளவு பிரித்துக் கொடுத்தார்கள். தொழிற்சாலைக்கு மீன் இல்லை. எங்களைத் தற்காலிகமாக நிற்பாட்டினார்கள். பிறகு அந்த நிறுவனம் வங்குறோத்தாகி, வேறு பெயரில் திறந்து, மீண்டும் படுத்தது.

ஊரில் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெற்கே போனார்கள். சனம் போவதைத் தடுக்க 1990இல் பின்மார்க்குக்கும் வட துரொம்சுக்கும் வரிக் குறைப்பு, கல்விக் கடன் தள்ளுபடி முதலிய சலுகைகள் வந்தன. நானும் ஒஸ்லோவுக்குத் திரும்ப யோசித்தேன். அம்மா சொன்னா: "ஊர் எரிஞ்ச பிறகும் வந்து இருந்தனாங்கள். மீன் வராட்டிலும் இருப்பம். மீன் ஒரு நாள் வரும்." மீன் வந்தது. 1991இல் என் மனைவியும் வந்தா. அடுத்த வருடம் மகள் பிறந்தாள்.

1995 ஐப்பசி

அந்தப் பெரிய இடப்பெயர்வை இங்கு நான் விவரிக்கத் தேவையில்லை. 1995 ஐப்பசி 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பி, மழைக்குள்ளே நாவற்குழிப் பாதையால் தென்மராட்சிக்கு நடந்தது. ஒஸ்லோவிலிருந்து நண்பர் தொலைபேசியில் சொன்னார். என் தாய் தகப்பன் எங்கே என்று தெரியவில்லை. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மேலே ஒரு சத்தமும் இல்லையே என்று அம்மா ஏறி வந்தா. அறுபதைத் தாண்டியவ, படி ஏறுவது கஷ்டம். விசயத்தைச் சொன்னேன். அவ கேட்டது ஒரே ஒரு கேள்வி:

"என்ன மாதம் இது? ஐப்பசி தானே?"

வேறு ஒன்றும் சொல்லாமல் என் பக்கத்தில் இருந்தா. 1944உம் 1995உம் ஒன்றல்ல. யார் அனுப்பினார்கள், யார் வந்தார்கள், எதற்காக என்பதெல்லாம் வேறு வேறு. ஆனால் மூட்டையோடு நடப்பவருக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு தெரியும்? அன்று அந்த ஊரில் எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

மாதங்கள் கழித்துக் கொழும்பு வழியாகத் தகப்பனாரின் கடிதம் வந்தது. மீசாலையில் ஒரு பாடசாலையில் இருந்தார்களாம். 1996 சித்திரைக்குப் பிறகு ஊருக்குத் திரும்பினார்கள். வீட்டின் சுவர் நின்றது, கூரை இல்லை. நான் காசு அனுப்பினேன். அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தார்: "உமது கொம்பனிக்காரர் நல்லாயிருக்க வேணும். கூரை போட்டாச்சு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஐயா, அது மீன் வெட்டிய காசு, வெட்டப் பழக்கியது ஒரு குருநகர்ப் பெடியன் என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. 2004இல் அவர் காலமானார், அந்தக் கூரையின் கீழேதான். அவருக்குத் தெரியாது.

இன்று

1999 ஆனியில் மாகரோயா தீவுக்குக் கடலுக்கடியால் சுரங்கப்பாதை திறந்தார்கள். ஏழு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, கடல் மட்டத்திலிருந்து 212 மீற்றர் ஆழம். தீவுக்கு வர வழி வந்தது. ஆனால் எம்மவருக்குப் போகவும் வழி வந்தது. பிள்ளைகளின் படிப்பு, தமிழ்ப் பாடசாலை, கோயில், உறவினர் என்று ஒவ்வொரு குடும்பமாகத் தெற்கே இறங்கினோம். தொழிற்சாலைகள் மூடுப்பட்டதும் ஒரு காரணம். நான் 2002இல் வந்தேன். அம்மா அதற்கு முந்திய வருடமே போய்விட்டா. அந்த வெள்ளைத் தேவாலயத்தில்தான் இறுதிக் கிரியை. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

இப்போது வடகரைத் தொழிற்சாலைகளில் கிழக்கு ஐரோப்பிய நாட்டவர் பலர் நிற்கிறார்கள். அவர்களும் வீட்டுக்கு என்னவென்று எழுதுகிறார்களோ தெரியாது.

எங்கள் சங்கத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஹொன்னிங்ஸ்வோக், ஹமர்பெஸ்ற், வார்டோ, போட்ஸ்பியோர்ட் முதலிய ஊர்களில் வேலை செய்தவர்களின் படங்களையும், பழைய சம்பளத் துண்டுகளையும், கடிதங்களையும் சேர்த்து வையுங்கள். அவர்களிடம் கதை கேட்டு எழுதி வையுங்கள். எங்களில் பலருக்கு எழுபது வயதாகப் போகிறது. நாங்கள் போனால் எங்கள் பிள்ளைகளிடம் 'கொம்பனி' என்ற ஒரு சொல்தான் மிஞ்சும்.

அன்றிரவு பேத்தியைப் பக்கத்தில் இருத்தி எல்லாம் சொன்னேன். என் மகளும் கதவடியில் நின்று கேட்டாள். அவளும் அன்றுதான் முழுவதையும் கேட்கிறாள். பேத்தி ஏற்கனவே எழுதியதை அழித்துவிட்டு, தனது நோர்வேஜிய மொழியில் புதிதாக எழுதினாள். முதல் வரி: என் தாத்தா ஒரு மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினார்.

குருநகர்த் தம்பி இப்போது வேறு நாட்டில் இருக்கிறான். அதை அவனுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "அண்ணை, நல்லா வெட்டினவர் எண்டு போடச் சொல்லுங்கோ" என்றான்.